காதுக்கு ஒரு மீட்டர்

பட்டறையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலமாயிற்று. சமவயதுக்காரர்களுக்கு அவர் காது. இளையவர்களுக்குக் காதண்ணன். பட்டறையை நடத்தியவன் அவர் மனைவியின் தம்பி. அவனுக்கு மட்டும் மாமா.

இந்தப் பெயர் வந்தது, அவர் இன்னொருவரின் லாரியில் மாற்று டிரைவராக ஓடிய காலத்தில். இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "வண்டிய ஓரங்கட்டுங்கண்ணே, பின்னால இடது பக்கம் பேரிங் போகுது" என்றார். ஓட்டிக்கொண்டிருந்த மூத்தவருக்கு எரிச்சல். "கனவு கண்டியாடா? பேசாமப் படு" என்றார். இவர் படுக்கவில்லை. நச்சரிப்புத் தாங்காமல் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ச் சக்கரத்தின் நடுவில் கை வைத்த மூத்தவர், கையை உதறிக்கொண்டு குதித்தார். அவ்வளவு சூடு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் சக்கரம் தனி வழி போயிருக்கும். அந்தக் கதை பட்டறைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் காதுதான்.

பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வேலை முடிந்து எந்த வண்டி வெளியே போவதானாலும் பட்டறைக்காரன் கடைசியாக ஒரு கேள்வி கேட்பான்: "காது கேட்டாச்சா?" அவர் ஊரில் இருந்தால் ஆள் அனுப்புவார்கள். நீளமான திருப்புளி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வார். முனையை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். சுற்றிலும் சுத்தியல் நிற்கும், பேச்சு நிற்கும். கடைசியில் கண்ணைத் திறந்து "நல்லாருக்கு, ஓட்டு" என்பார். அந்த இரண்டு வார்த்தை கிடைத்தபின் யாரும் எதையும் திரும்பத் திறந்து பார்த்ததில்லை. மற்றப் பட்டறைகளில் காற்றுக் கசிவைப் பார்க்கச் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். நுரை வந்தால் கசிவு. இங்கே அந்த வேலையே கிடையாது. "காது இருக்கறப்ப சோப்பு எதுக்கு? குளிக்கவா?" என்பான் பட்டறைக்காரன்.

சொந்தமாகப் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றை வாங்கி, சிமெண்ட் ஆலையிலிருந்து மலைமேல் அணைக்கட்டு வேலை நடக்கும் இடத்துக்கு மூட்டை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். மகள் படித்து வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். வீட்டில் அவரும் மனைவியும்தான். மலைப்பாதையில் அவர் ஓட்டுவதே காதை நம்பித்தான். டர்போ என்பது இன்ஜினின் புகையால் சுழல்கிற சின்னக் காற்றாடி. அது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறது. பாரத்தோடு ஏறும்போது அதிலிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று வரும். சீழ்க்கை உயர்ந்தால் காற்று கூடுகிறது என்று அர்த்தம். காலை அழுத்தியும் சீழ்க்கை இறங்கினால் எங்கேயோ குழாய் கிழிந்திருக்கிறது, அல்லது டர்போவே சாகப்போகிறது. அந்தச் சீழ்க்கையின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத்தான் அவர் கியர் மாற்றினார். ஸ்பீடோமீட்டர் பழுதாகி எத்தனையோ மாதம் கிடந்திருக்கிறது, அவர் கவலைப்பட்டதில்லை.

ஒரு நாள் காலை முதல் ஏற்றத்தில் காலை அழுத்தினார். சீழ்க்கை வரவில்லை.

டர்போ போய்விட்டது என்றே நினைத்தார். ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கேபினைக் கவிழ்த்துத் தூக்கினார். குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கிழிசல் இல்லை. காற்றாடியை விரலால் சுற்றினார், வழுக்கிக்கொண்டு சுற்றியது. புகை கறுக்கவில்லை. மறுபடி ஏறி ஓட்டினார். வண்டி பழையபடியே இழுத்தது. முதுகு இருக்கையில் அழுந்தியது. சீழ்க்கை மட்டும் இல்லை. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, காதோரம் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து தெரிந்த அந்தச் சரசரப்பு இல்லை. மற்றக் காதிலும் இல்லை.

இன்ஜினின் உறுமல் கேட்டது. ஹாரன் கேட்டது. மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக அவரைவிட்டுப் போயிருந்தன. எப்போது போயின என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் அன்று மனைவி குளிக்கப் போகும்போது, "குக்கர் மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைச்சிடுங்க" என்றாள். அவர் அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, குண்டு எழும்பி ஆவி கக்குவதைக் கண்ணால் எண்ணினார். வெளியே வந்தவள் ஈரத் தலையோடு வாசலிலேயே நின்று அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, அடுப்புக்குக் காவலா?"

"சும்மாதான்" என்றார்.

டாக்டரிடம் போக அவருக்கு மனம் வரவில்லை. போனால் சீட்டு எழுதுவார். சீட்டு எழுதினால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் வண்டி போகும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பட்டறையில் அந்தத் திருப்புளியை வேறொருவன் கையில் எடுப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கேட்காத காதை வைத்துக்கொண்டு காது என்ற பெயரோடு தெருவில் எப்படி நடப்பது? ஆகவே ஒரு முடிவுக்கு வந்தார். காது செய்த வேலையைக் கண் செய்யட்டும். டர்போ திணிக்கிற காற்றின் அழுத்தத்தை முள்ளில் காட்டும் பூஸ்ட் மீட்டர் ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை.

உதிரிபாகக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மீட்டரா? உனக்கா? மீனுக்கு மிதவை எதுக்குய்யா?"

"டீசல் மிச்சமாகும்னு மச்சினன் சொன்னான்."

"சொல்லுவான், சொல்லுவான். பூட்டுற கூலி அவனுக்குத்தானே" என்றபடி கடைக்காரர் மேஜைமேல் நான்கு டப்பாக்களை வரிசையாக வைத்தார்.

முதலாவது கார்களுக்கானது. அழுத்தத்தை அளக்கும் ‘பார்’ கணக்கில் ஒன்றோடு எண்கள் முடிந்துவிடும். இவர் வண்டி பாரத்தோடு ஏறும்போது ஒன்றரைக்குப் பக்கத்தில் போகும் என்று பட்டறைக்காரன் சொல்லியிருந்தான். முள் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது நான்கு பார் வரை. அதில் முள் எப்போதும் கீழ்ப்பாதியிலேயே கிடக்கும்; கொஞ்சம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது மின்சாரத்தில் ஓடுவது. கடைக்காரருக்கு அதைத்தான் விற்க ஆசை.

"இதுல அலாரம் இருக்கு. காத்து குறைஞ்சா கீச்சுனு கத்தும். நீ முள்ளப் பார்க்கவே வேணாம், ரோட்டப் பாரு." அதன் கம்பிகளை மேஜையிலிருந்த பேட்டரியில் தொட்டுக் காட்டினார். "எப்படி?"

காதுக்கு எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் விளக்கு வாங்க நின்ற பெண் ஒருத்தி முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"சத்தம் ஜாஸ்தி" என்றார் காது. "தலைவலி வரும். வேணாம்."

"உன் காதுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று கடைக்காரர் பெருமையோடு சிரித்தார்.

நான்காவதை எடுத்துக்கொண்டார். இரண்டு பார் வரை, கறுப்பு முகம், வெள்ளை எண்கள், தடித்த முள். மின்சாரம் வேண்டாம், இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் நேரே மீட்டருக்குக் காற்றைக் கொண்டுவரும். ஒன்றரைக்கு நேராக முள் செங்குத்தாக நிற்கும்படி மீட்டரைத் திருப்பிப் பூட்டிக்கொண்டால், ஓரக்கண்ணால் பார்த்தாலே போதும். இதைக் கடையிலேயே யோசித்து வைத்துக்கொண்டார்.

பட்டறைக்காரன் வேலையில் சுத்தக்காரன். கேபினைத் தூக்கி, இன்ஜினுக்குள் காற்றுப் போகும் குழலில் இருந்த பழைய மூடியைக் கழற்றி, அந்த மரையில் பித்தளை இணைப்பைப் பூட்டினான். இணைப்புக்குள் ஊசித்துளை ஒன்றுதான் இருந்தது. முள் படபடக்காமல் இருக்க அப்படி. அதற்கப்பால் நட்டு போட்டுக் குழாயை மாட்டினான்.

"குழாய நீளமா விடு மாப்ள" என்றார் காது. "கேபினத் தூக்கறப்ப இழுத்துக்கும்."

"எனக்கே பாடமா? இங்க பாருங்க, ஒரு வளையம் சுத்தி விட்டிருக்கேன். சைலன்சர் பக்கமும் போகல, உருகாது." கேபின் தரையில் துளையிட்டு, கூரான தகடு குழாயை அறுக்காதபடி ரப்பர் வளையம் போட்டு, கேபினுக்குள் கொண்டுவந்தான். முன்கண்ணாடியின் ஓரத்தூணில் மீட்டர் உட்கார்ந்தது. அவர் சொன்ன கோணத்திலேயே திருப்பி வைத்தான்.

"சரி, காத்து அடிச்சுப் பார்த்துடலாம்" என்றான். டர்போவின் வாயை அடைத்து, கம்ப்ரசரிலிருந்து அழுத்தக் காற்றை உள்ளே விட்டான். பிறகு கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, "யாரும் மூச்சு விடாதீங்கப்பா" என்று கத்தினான். பட்டறை அடங்கியது. எல்லாரும் காதைப் பார்த்தார்கள்.

அவர் குனிந்தார். கண்ணை மூடினார். பஞ்சு மூட்டைக்குள் தலையைவிட்டது போலிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொட்டுக் கசிவு இல்ல. நல்லாருக்கு."

பட்டறைக்காரனின் புருவம் ஒரு கணம் நெரிந்ததைப் பார்த்தார். அவன் தலையைச் சற்றுச் சாய்த்தான், நட்டுப் பக்கம் பார்த்தான், கம்ப்ரசர் குழாயைப் பார்த்தான். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார். ஆனால் அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சொன்னாச் சரி மாமா" என்றான். அவருக்கு உயிர் வந்தது.

அந்தச் சமயத்தில்தான், தாடி என்று எல்லாரும் கூப்பிடும் டிரைவர் தன் லாரியோடு உள்ளே வந்தார். தாடியும் இவரும் மாற்று டிரைவர்களாக ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். மறுநாள் இருவருக்கும் ஒரே மலைக்கு ஒரே சுமை. தாடியின் உதடுகள் வெளியுலகத்தைப் பார்த்து வெகுநாளாகிறது. அடர்ந்த தாடிக்குள்ளிருந்து பேச்சு மட்டும் வரும். இப்போதெல்லாம் அது கம்பளிக்குள்ளிருந்து வருவது போலத்தான் காதுக்கு இருந்தது. மற்றவர்களின் வாயைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார். தாடியிடம் அந்த வித்தை பலிக்காது. அதனால் கொஞ்ச நாளாகவே அவரிடம் நின்று பேசுவதைத் தவிர்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, வண்டிக்குக் கைக்கடிகாரம் கட்டறியா?" தாடி மீட்டரைப் பார்த்துச் சிரித்தார். இவர் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்துவைத்தார்.

தாடியின் டர்போவை வெளியூரில் ஒருவர் பிரித்துக் கட்டிக் கொடுத்திருந்தார். பட்டறைக்காரன் இன்ஜினைக் கிளப்பச் சொல்லிக் கேட்டுவிட்டு, காதின் முன்னால் வந்து நின்று பேசினான். அவன் வாய் தெளிவாகத் தெரிந்தது.

"எனக்கென்னமோ உள்ள லேசாக் கீச்சுங்கற மாதிரி இருக்கு மாமா. நீங்க ஒரு வாட்டி கேளுங்க."

திருப்புளி அவர் கைக்கு வந்துவிட்டது. தலைவலி என்று சொல்லியிருக்கலாம். பிரித்துப் பார் என்று சொல்லியிருக்கலாம். அதற்குக்கூடக் காது தேவையில்லை. ஆனால் எது கீச்சுகிறது, எங்கே கீச்சுகிறது என்று அடுத்த கேள்வி வரும். முனையை டர்போவில் ஊன்றி, கைப்பிடியை எலும்பில் வைத்தார். நடுக்கம் மட்டும் மண்டைக்குள் வந்தது. சீரான நடுக்கமாகத்தான் இருந்தது.

"புதுசுல அப்படித்தான் இருக்கும். நல்லாருக்கு, ஓட்டு."

தாடி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். என்னவோ சொன்னார். என்னவென்று விளங்கவில்லை.

மறுநாள் காலை தாடியின் வண்டி முன்னால் போய்விட்டது. ஆலையில் மூட்டை ஏற்ற இவருக்குக் கொஞ்சம் தாமதமாயிற்று. முதல் ஏற்றத்தில் காலை அழுத்தியபோது மீட்டரின் முள் எழுந்தது. எழுந்து, ஒன்றுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

இன்னும் அழுத்தினார். முள் அசையவில்லை. ஆனால் வண்டி இழுத்தது. புகை சுத்தமாக இருந்தது. முதுகு சொல்வது ஒன்று, முள் சொல்வது ஒன்று. வண்டி நன்றாக இருந்து மீட்டர் மட்டும் குறைத்துக் காட்டினால், ஊசித்துளைக்கு அப்பால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது. அவருக்கு அது உடனே விளங்கியது. அகலமான இடம் பார்த்து நிறுத்தினார். கேபினைத் தூக்கி, பித்தளை இணைப்பில் விரல் வைத்தார்.

நட்டு விரலுக்கே திரும்பியது. ஸ்பேனர்கூட வேண்டியிருக்கவில்லை.

அங்கேயே நின்றார். இவ்வளவு தளர்ந்த நட்டு, நேற்று அழுத்தக் காற்று அடித்தபோது பாம்பு மாதிரிச் சீறியிருக்கும். பட்டறை அத்தனை நிசப்தமாக இருந்தது. அங்கே நின்ற ஒவ்வொருவனுக்கும் அது கேட்டிருக்கும். மச்சினனின் புருவம் நெரிந்ததற்கு அதுதான் காரணம். கேட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. இவர் இல்லை என்று சொல்லிவிட்டதால், தன் காதில் விழுந்தது கசிவில்லை, வேறு என்னவோ என்று முடிவுகட்டிவிட்டான்.

அப்போதுதான் தாடியின் டர்போ நினைவுக்கு வந்தது. லேசாகக் கீச்சுங்கற மாதிரி இருக்கு என்று அவன் சொன்னதும்.

நட்டை இறுக்கினார். தாடிக்குப் போன் போட்டார். மணி அடித்ததா இல்லையா என்றுகூட அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கேபினை இறக்கி, ஏறி உட்கார்ந்து, மலையை நோக்கி விட்டார். இப்போது முள் ஒன்றரைக்குப் பக்கத்தில் செங்குத்தாக நின்றது. அவர் விரும்பி வாங்கிய மீட்டர், சொன்ன இடத்தில், சொன்னபடி வேலை செய்தது. அதைப் பார்க்க அவருக்கு வெறுப்பாக இருந்தது.

மூன்றாவது வளைவுக்கு மேலே சாலையில் எண்ணெய்க் கோடு தெரிந்தது. அதற்கப்புறம் புகை, வெள்ளையும் நீலமுமாக வளைவையே மூடிக்கொண்டு கிடந்தது. தாடியின் வண்டி கேபின் தூக்கியபடி நின்றது. தாடி சாலையோரச் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றி வலது கையில் சுற்றியிருந்தார். சட்டையின் நிறம் என்னவென்று தெரியவில்லை.

டர்போவின் பேரிங் உடைந்து, எண்ணெய் இன்ஜினுக்குள் போயிருக்கிறது. டீசல் இன்ஜின் தன் எண்ணெயையே குடித்து ஓடத் தொடங்கிவிட்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போய் வெடிக்கும். காற்றை அடைத்தால்தான் நிற்கும். இது எல்லா டிரைவருக்கும் தெரியும். தாடி ஓரங்கட்டி, கேபினைத் தூக்கி, டர்போவின் காற்றுக்குழாயைப் பிடுங்கிவிட்டு, சாக்கை மடித்து அந்த வாயில் அமுக்கியிருக்கிறார். காற்றாடி சாக்கை இழுத்தது. சாக்கோடு கையையும் இழுத்தது. இன்ஜின் நின்றுவிட்டது.

இவர் அவரைத் தூக்கித் தன் வண்டியில் உட்கார வைத்தார். மேலே அணைக்கட்டில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. திரும்பிக் கீழே போவதைவிட அதுதான் பக்கம். வழியெல்லாம் தாடி பேசிக்கொண்டே வந்தார். உறுமலுக்கு நடுவில், அந்தத் தாடிக்குள்ளிருந்து, துண்டு துண்டாகத்தான் இவருக்கு வந்தது.

"...ஏறறப்பவே கீச்சுனு... ரெண்டாவது வளைவுல நல்லாவே... நிறுத்திடலாமான்னு பார்த்தேன்டா..."

"பேசாத. களைச்சுப் போவ."

"...நீதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டியே. எனக்குத்தான் வயசாகிக் காது மந்தமாயிடுச்சு போலன்னு..." தாடி சிரிக்கப் பார்த்தார்.

காது சாலையையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். உண்மை வாய் வரை வந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தவரின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிட்டது.

தாடியின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. ஸ்டீயரிங் பிடிக்க அது போதாது.

நான்கு நாள் அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் பட்டறைக்குப் போனார். ஒரு வண்டி புறப்படத் தயாராக நின்றது. "நல்ல நேரத்துல வந்தீங்க மாமா" என்று பட்டறைக்காரன் திருப்புளியை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"எனக்குக் கேக்காது மாப்ள. ரொம்ப நாளாவே கேக்காது."

பட்டறைக்காரன் மற்றவர்களைப் பார்த்தான். அவர் தோளில் கை வைத்தான். "மனசு உடைஞ்சு பேசறீங்க. அது டர்போ கட்டினவன் பண்ணின கோளாறு. போட்டதெல்லாம் போலிச் சாமான். நீங்க கேட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"உனக்குக் கீச்சுனு கேட்டுச்சு. நீயே சொன்ன."

"அது நான் என்னமோ..."

"என் மீட்டர் நட்டு லூசா இருந்துச்சு. காத்து அடிச்சப்ப உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

அவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமா."

"ஏன் சொல்லல?"

"நீங்க இல்லன்னீங்க." அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "நீங்க இல்லன்னு சொன்னப்புறம் நான் எப்படி இருக்குன்னு சொல்றது?"

அவர் லாரிச் சாவியைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். சுற்றி நின்றவர்களில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வெளியே வரும்போது, பின்னால் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கப் போவது தெரிந்தது. சோப்பைக் கரைக்கத்தான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் கறிகாய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"குக்கர் முன்னாடி உட்கார்ந்திருந்தீங்களே, அன்னைக்கே தெரியும். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள், அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக. பிறகு, "தெரிஞ்சும் சொல்லாம, எல்லாரும் அப்படித்தான் இருந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் அன்று நறுக்கவில்லை.

வண்டியை வேறொருவர் ஓட்டினார். அந்த டிரைவருக்கு மீட்டர் பிடித்துப்போயிற்று. முள் நேரா நின்னா நல்லாருக்கு, வேற எதையும் பார்க்கத் தேவையில்லை என்று பட்டறையில் சொன்னாராம். பட்டறைக்காரன் இதைச் சந்தோஷச் செய்தியாக வந்து சொன்னான். அவர் தலையாட்டினார்.

தாடியைப் பார்க்க இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போனார். இருமுறையும் தாடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பட்டறையில் நடந்ததெல்லாம் அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு நாள் மத்தியானம், முகம் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்றார். வெளிறிய கன்னம், மோவாயில் இரண்டு இடத்தில் வெட்டுக்காயம். இடது கையால் மழித்த காயம். வலது கையில் கட்டு. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் காதுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. தாடிக்கு இவ்வளவு மெல்லிய உதடுகள் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டார். தாடி உட்காரவில்லை. வெளிச்சம் தன் முகத்தில் விழுமாறு ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றார்.

"வாயைப் பார்த்தாத்தான் உனக்கு விளங்குமாமே. அதுக்காகத் தாடிய எடுத்துட்டு வந்தேன்."

"உட்காருடா."

"உட்கார வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன்." தாடியின் உதடுகள் வேகமாக அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன. கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் குரல் கரைந்துவிட்டது. "கேக்கலன்னு" என்பதும் "என் காத" என்பதும் மட்டும் பிடிபட்டன.

காது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். புரிந்த மாதிரித் தலையாட்டிவிடலாம். இத்தனை மாதமும் அப்படித்தான் ஆட்டினார்.

"பாதிதான் விளங்குச்சு" என்றார். "இன்னொரு தரம் சொல்லு."

தாடி ஓர் அடி முன்னால் வந்தார். இரண்டு விரல் மிஞ்சிய கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது போல, வாயை அகலமாகத் திறந்து, மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கேக்கலன்னு, ஒரு வார்த்தை, நீ சொல்லியிருந்தா, நான் என் காத நம்பியிருப்பேன்."

"விளங்குச்சு" என்றார் காது.

தாடி திரும்பி மழையில் இறங்கிப் போனார். குடையை மறந்து வாசலிலேயே வைத்துவிட்டிருந்தார். காது அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினார், கூப்பிட்டார். தாடி திரும்பிப் பார்க்கவில்லை. ஏதாவது பதில் சொல்லிக்கொண்டே போனாரா என்பது, முகம் தெரியாத தூரத்தில், அவருக்குத் தெரிய வழியில்லை.